மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 வரும்னு பார்த்தா வீட்டுக்கு 27,982 வந்திருக்கு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

தங்கச்சிமடத்துப் பொண்ணு:

அப்பா ராமேஸ்வரம் விசைப்படகுல கூலிக்குப் போறவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க. தடைக்காலம் முடிய இன்னும் சில நாள்தான் இருக்கு, கையில காசு சுத்தமா இல்ல. இந்த வாரம் பாஸ்புக் பதிஞ்சா இப்படி இருக்கு:

அப்பா கணக்கு: 8,000. மூணு நாள் கழிச்சு மறுபடியும் 8,000. அடுத்து 4,500.
அம்மா கணக்கு: 1,914, 1,914, 1,860, 1,794.

மொத்தம் 27,982. நாங்க எதிர்பார்த்தது ஒரு 8,000 மட்டும்தான்.

கடன் நிலவரம்: 3 வட்டிக்கு 15,000 (புரோநோட்டு எழுதிக் கொடுத்தது). வங்கியில அம்மா நகைக்கடன் 40,000, ஆகஸ்ட்ல வருசம் முடியுது. மகளிர் குழுவுக்கு மாசம் 1,150. படகு ஓனர்கிட்ட அட்வான்ஸ் 20,000. அப்பா கணக்கு இருக்கிற அதே கிளையில அவர் பேர்ல ஒரு சின்னக் கடன், தவணை 900, மூணு தவணை பாக்கி. தம்பிக்குப் பள்ளிக்கூடம் தொறந்தாச்சு.

ரெண்டாவது 8,000 எங்களோடதா? வங்கி கடனுக்குப் பிடிச்சுக்குமா? எந்தக் கடனை முதல்ல அடைக்கிறது? இவ்வளவு பணம் கணக்குல இருந்தா அம்மாவோட மகளிர் உரிமைத்தொகை நின்னுடுமா? இன்னொன்னு, அப்பா கணக்குல 10,000க்கு மேல எடுக்க முடியல. ஏன்னு தெரியல.

மண்டபத்தான்:

தங்கச்சி, முதல்ல ஒவ்வொரு வரவும் எதுக்கு வந்ததுன்னு பேர் வைக்கணும். அது முடியுற வரைக்கும் செலவுக் கணக்கே போட வேண்டாம்.

முதல் 8,000 தடைக்கால நிவாரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளைக்குக் குடும்பத்துக்கு ஒரு தடவைதான் தருவாங்க. முன்னாடி 5,000 இருந்தது. 2023 ஆகஸ்ட்ல மண்டபம் மீனவர் மாநாட்டுல 8,000 ஆக்குறதா அறிவிச்சாங்க.

4,500 சேமிப்பு நிவாரணம். அப்பா மீனவர் கூட்டுறவுச் சங்கத்துல கட்டின 1,500, மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500. சங்கத்துல கட்டின ரசீது வீட்டுல இருக்கான்னு பாருங்க. இருந்தா சந்தேகமே வேண்டாம், அது உங்க பணம்.

அம்மாவுக்கு வந்த நாலும் நூறு நாள் கூலி. 1,914ஐ வாரத்து வேலை நாள் 6ஆல வகுத்தா 319. அது 2024-25 கூலி விகிதம். 2025 ஏப்ரலுக்கு முன்னாடி பார்த்த வேலைக்கு இழுத்தடிச்சு இப்ப வந்திருக்கு. 1,860க்கு நாளுக்கு 310, 1,794க்கு நாளுக்கு 299. அந்த வாரங்கள்ல வேலையை அளந்து பார்த்துக் கூலியைக் குறைச்சிருப்பாங்க. வேலை அட்டை எண்ணை வச்சு வேலை உறுதித் திட்ட இணையதளத்துல மஸ்டர் ரோல் (வருகைப் பதிவேடு) வாரியா பார்க்கலாம். ஊராட்சிச் செயலர்கிட்டயும் கேக்கலாம். இன்னும் எந்த வாரம் பாக்கின்னும் அதுலயே தெரிஞ்சிடும்.

இதெல்லாம் உழைச்சதும் உரிமையும். தயங்காம எடுங்க. சிக்கல் அந்த ரெண்டாவது 8,000ல மட்டும்தான். அது வர மூணு வழி இருக்கு. ஒண்ணு, போன வருசம் அனுப்பித் திரும்பிப் போன தொகையை மறுபடி அனுப்பியிருக்கலாம். போன வருச நிவாரணம் உங்களுக்கு வந்துச்சான்னு பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்க. வந்திருந்தா இந்த வழி அடிபட்டுப் போகும். ரெண்டு, குடும்ப அட்டை மாத்தினது, ஊர் மாறினது இதனால அப்பா பேர் ரெண்டு பட்டியல்ல இருக்கலாம். மூணு, வேற ஒருத்தருக்குப் போக வேண்டியது.

பாஸ்புக்ல ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்துல ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும். அது தேஞ்சிருந்தா கிளையில ஸ்டேட்மென்ட் கேளுங்க. ஆதார் வழியா வந்ததுக்கு ‘ஏபிபிஎஸ்’ இல்லைன்னா ‘டிபிடி’ன்னு இருக்கும். கணக்கு எண் வழியா வந்ததுக்கு ‘நெஃப்ட்’னு போட்டு ஒரு நீளமான யுடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கான தனி எண்) இருக்கும். ரெண்டு 8,000க்கும் ஒரே குறிப்பா, வேற வேறயான்னு பார்த்துச் சொல்லுங்க.

கீழக்கரை கணக்கர்:

வங்கி சம்பந்தப்பட்ட இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

10,000க்கு மேல் எடுக்க முடியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மினி பேங்க் முகவரிடம் கைரேகை வைத்து எடுத்தீர்கள் என்றால் ஒரு பரிவர்த்தனைக்கு 10,000தான் உச்சவரம்பு. கிளையின் கவுன்ட்டருக்குப் போய்ப் பணமெடுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தால் மீதியும் கிடைத்துவிடும். கிளையிலேயே முடியாது என்றால் அது முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய ‘சிறு கணக்கு’. ஜன்தன் தொடங்கிய காலத்தில் புகைப்படமும் கைரேகையும் மட்டும் வாங்கிப் பல கணக்குகள் திறந்தார்கள். அவற்றுக்கு இருப்பு 50,000ஐத் தாண்டக் கூடாது, ஓராண்டில் வரவு மொத்தம் 1,00,000ஐத் தாண்டக் கூடாது, மாதத்துக்கு 10,000தான் எடுக்கலாம். ஆதார் நகல், பான் கார்டு (இல்லையென்றால் பான் இல்லை என்ற உறுதிமொழிப் படிவம்), ஒரு புகைப்படம் கொடுத்து முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) செய்யச் சொல்லுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத கணக்காகவே அது தொடரும், கட்டுப்பாடு மட்டும் நீங்கும். இதைத் தள்ளிப்போட்டால் நாளைக்குக் காப்பீட்டுத் தொகை போல ஏதாவது பெரிய தொகை வரும்போது கணக்கு ஏற்காமல் திருப்பிவிடும்.

அடுத்தது கடன் பிடித்தம். ஒரே வங்கியில் சேமிப்புக் கணக்கும் தவணை தவறிய கடனும் இருந்தால், சேமிப்பில் உள்ளதைக் கடனுக்கு ஈடு செய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. கடன் ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் அப்படி எழுதியிருப்பார்கள். ஆகவே மேலாளர் பிடிக்கும் வரை காத்திருக்காமல் நீங்களே முன்னால் போங்கள். மூன்று தவணையும் கட்ட முடியாவிட்டால் மிகப் பழைய ஒரு தவணையையாவது இப்போதே கட்டிவிடுங்கள். பாக்கி 90 நாளைத் தாண்டினால் அந்தக் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும். பிறகு நகைக்கடன் தவிர வேறு எந்தக் கடனும் கிடைப்பது கஷ்டம். மீதித் தவணைக்கு ‘தடைக்காலம் முடிந்து இந்தத் தேதிக்குள் கட்டுகிறேன்’ என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வரும் அரசுப் பணம் இந்தக் கிளைக்கே வரவேண்டாம் என்று நினைத்தால், வேறு வங்கியிலோ அஞ்சலக வங்கியிலோ கணக்குத் தொடங்கி, ஆதார் இணைப்புப் படிவத்தை அங்கே கொடுக்கலாம். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக இணைத்த வங்கிக்குத்தான் போகும். ஆனால் இணைப்பை மாற்றினால் எரிவாயு மானியம் உட்பட அந்த ஆளுக்கு ஆதார் வழி வரும் எல்லாமே அங்கே போய்விடும். ‘எனக்கு மட்டும் பணம் வரவில்லை’ என்று அலைகிறவர்களில் பாதிப் பேருக்குப் பணம் மறந்துபோன ஏதோ ஒரு கணக்கில் கிடக்கும். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:

ஸ்டேட்மென்ட் வாங்கிட்டேன் அண்ணே. முதல் 8,000க்கு ஏபிபிஎஸ்னு இருக்கு. ரெண்டாவதுக்கு நெஃப்ட், யுடிஆர் எண் இருக்கு. அதுல பயனாளி பேர் அப்பா பேரேதான், ஆனா இனிஷியல் வேற. போன வருச நிவாரணமும் ஒழுங்கா வந்திருக்கு.

மண்டபத்தான்:

அப்ப அநேகமா மூணாவது வழிதான். நெஃப்ட்ல கணக்கு எண்ணை மட்டும்தான் பார்த்து வரவு வைப்பாங்க, பேரை ஒத்துப் பார்க்குறது இல்ல. நம்ம கரையில ஒரே பேர் ஒரு ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். பட்டியல் தட்டும்போது அந்த ஆளோட வரிசையில உங்க அப்பா கணக்கு எண் ஏறியிருக்கும். அப்படின்னா அதே பேர்ல ஒருத்தர் இப்ப சங்கத்துக்கும் வங்கிக்கும் நடந்துக்கிட்டு இருப்பார். அவர் வீட்டுலயும் 61 நாளா அடுப்பு எரியுறது கஷ்டம்தான். இதுல தாமதம் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். சங்கத்துல நிவாரணப் பட்டியலைக் காட்டச் சொல்லி, அந்த இனிஷியலோட பேர் இருக்கா, அதுக்கு நேரா எந்தக் கணக்கு எண் இருக்குன்னு பாருங்க. அப்புறம் உங்க பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கு ஒரு மனு. அதுல வரவு தேதி, தொகை, யுடிஆர் எண், அச்சான பயனாளி பேர், அப்பாவோட சரியான பேர், அவர் நிவாரணம் ஏற்கெனவே ஏபிபிஎஸ் வழியா வந்த தேதி, இவ்வளவும் இருக்கணும். கடைசியா ஒரே ஒரு வரி: ‘இந்தத் தொகை யாருக்கு உரியது, எந்த முறையில் திருப்பிச் செலுத்த வேண்டும் என எழுத்துமூலம் தெரிவிக்கவும்.’ பாஸ்புக் நகலும் குடும்ப அட்டை நகலும் வையுங்க. ரெண்டு பிரதி எடுத்துட்டுப் போய், உங்க பிரதியில தேதியோட முத்திரை வாங்காம வராதீங்க.

பணத்தை யார் கையிலயும் ரொக்கமா கொடுக்கவே கூடாது. சங்க ஆளா இருந்தாலும் சரி, அலுவலக ஆளா இருந்தாலும் சரி, அந்த இனிஷியல்காரரே வந்து நின்னாலும் சரி. அவர்கிட்ட கொடுத்துட்டு நாளைக்குத் துறை உங்ககிட்ட கேட்டா காட்டுறதுக்கு எதுவும் இருக்காது. துறை சொல்ற கணக்குக்கு வங்கி வழியாவோ, கருவூலச் சலான்லயோ, டிடி எடுத்தோ கட்டி ரசீது வாங்குங்க.

கீழக்கரை கணக்கர்:

இதில் ஒரு ஆபத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 8,000 கிடப்பது கடன் பாக்கியுள்ள அதே கிளையில். வங்கி கணினி வழியாகவே பிடித்தம் செய்துவிட்டால் இன்னொருவர் பணத்தில் உங்கள் கடன் அடைபட்டிருக்கும், திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு மட்டும் அப்பா தலையில் நிற்கும். ஆகவே மீன்வளத்துறைக்குப் போகும் அன்றே கிளை மேலாளருக்கும் ஒரு கடிதம் கொடுங்கள்: ‘இந்த யுடிஆர் எண்ணில் வந்த 8,000 தவறான வரவு எனத் தெரிகிறது. கடனுக்கு ஈடு செய்ய வேண்டாம்.’

சட்டப்படியும் விஷயம் தெளிவு. தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தே எடுத்துச் செலவழித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவு வரை போகலாம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ‘அரசுப் பணம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். அடுத்த வருட நிவாரணத்தைத் துறை நிறுத்தி வைத்தால் அவர்கள் யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

தேவிபட்டினம் அக்கா:

அந்த 8,000ஐ இல்லைன்னே வச்சுக்க தங்கச்சி. மீதி 19,982. அதுதான் உங்க பணம். நான் பிரிக்கிறதா இருந்தா இப்படிப் பிரிப்பேன்.

முதல்ல 1,500 தனியா எடுத்து வை. அடுத்த சேமிப்பு நிவாரணத்துக்கு அப்பா கட்ட வேண்டிய பங்கு அது. 1,500 கட்டினா 4,500 வருது. இதுக்குச் சமமா வேற எந்தச் சீட்டும் கிடையாது. சங்கத்துல வசூல் எப்பன்னு கேட்டு அன்னைக்கே கட்டி ரசீது வாங்கு. அம்மா மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்துல உறுப்பினர்னா மகளிருக்கும் இதே மாதிரி சேமிப்புத் திட்டம் இருக்கு. இல்லைன்னா சேரலாமான்னு விசாரிக்கச் சொல்லு.

மகளிர் குழு 1,150 கண்டிப்பா கட்டணும். அதுல ஒருத்தர் தவறினா குழுவே அடுத்த கடனுக்குத் தள்ளிப் போகும். வங்கித் தவணை மூணும் சேர்த்து 2,700. தம்பிக்கு 1,500 போதும். அரசுப் பள்ளின்னா புத்தகம், நோட்டு, சீருடை அங்கேயே கிடைச்சிடும். மத்த சில்லறைச் செலவு, அவ்வளவுதான். வீட்டுச் செலவுக்கு 5,000. தடை முடிஞ்ச மறுநாளே காசு வந்துடாது. படகு கடலுக்குப் போறதே வாரத்துல மூணு நாள். முதல் ரெண்டு நடையில டீசல், ஐஸ், மராமத்துச் செலவுன்னு ஓனர் கழிச்சது போகத்தான் பங்கு. எல்லாப் படகும் ஒரே நேரத்துல இறால் கொண்டாந்து இறக்கினா விலையும் இறங்கும். ஜூலை முதல் வாரம் வரைக்கும் தாங்குற மாதிரி வச்சுக்கணும்.

இதெல்லாம் சேர்த்து 11,850. மீதி 8,132. அதுல 8,000ஐ 3 வட்டிக் கடன் அசல்ல போடு. 15,000க்கு மாசம் 450 வட்டி போகுது. அசல் 7,000 ஆச்சுன்னா 210தான். மாசம் 240 மிச்சம்.

மகளிர் உரிமைத்தொகை நிக்காது. அதுக்குப் பார்க்குறது குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம், நிலத்தோட அளவு, வருசத்துக்கு 3,600 யூனிட் கரண்டு, கார் இருக்கா இதெல்லாம்தான். கணக்குல எவ்வளவு இருக்குன்னு பார்க்குற விதி இல்ல.

கீழக்கரை கணக்கர்:

அக்கா பிரித்ததில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. நகைக்கடன் 40,000க்கு 9 சதவீதம் என்று வைத்தால் ஆகஸ்டில் வட்டி மட்டும் 3,600 வேண்டும். வட்டியைக் கட்டினால் பல இடங்களில் புதுப்பித்துத் தருவார்கள். சில கிளைகள் முழு அசலையும் கட்டி மீட்டுத்தான் மறு அடகு வைக்க வேண்டும் என்கின்றன. அதற்கு ஒரு நாள் பணம் புரட்டித் தருகிறேன் என்று கமிஷன்காரர்கள் வாசலிலேயே நிற்பார்கள். உங்கள் கிளையின் வழக்கம் எது என்று இப்போதே கேட்டுவிடுங்கள், ஆகஸ்டில் போய்க் கேட்காதீர்கள். ஜூலையில் கடல் கைகொடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. ஆகவே 3 வட்டிக் கடனில் 5,000 மட்டும் போட்டு, 3,000ஐ ஜூலை கடைசி வரை அம்மா கணக்கில் வைத்திருப்பேன். இதனால் மாதம் 90 ரூபாய் வட்டி கூடுதலாகப் போகும். நகை ஏல நோட்டீஸுக்குப் போகாமல் இருக்க அது கொடுக்கத் தகுந்த விலை.

தேவிபட்டினம் அக்கா:

அது சரிதான், ஒத்துக்கிறேன். நகை அம்மாவோடதுங்கிறதால இன்னும் சரி.

ஆனா அந்த 5,000ஐக் கொடுக்கிற முறை முக்கியம். வட்டிக்காரங்க சிலர் ‘அசலை மொத்தமா கொடு, இல்லைன்னா வட்டி மட்டும் கொடு’ன்னு சொல்வாங்க. இன்னும் சிலர் 5,000ஐ வாங்கிட்டு ‘வட்டிக்கு வரவு’ன்னு எழுதிடுவாங்க. அந்த மாச வட்டி 450ஐத் தனியா கொடுத்துத் தீர்த்துட்டு (வீட்டுச் செலவுல இருந்து எடுத்துக்கோ), அப்புறம் புரோநோட்டை எடுத்து வரச் சொல்லி அதோட பின்பக்கத்துல ‘அசலில் வரவு ரூபாய் 5,000’னு தேதி போட்டுக் கடன் கொடுத்தவர் கையெழுத்தோட எழுதணும். அதை போன்ல ரெண்டு பக்கமும் படம் எடுத்து வச்சுக்க. அப்பாவும் அதுல கையெழுத்துப் போட்டா அந்தத் தேதியில இருந்து மூணு வருசக் கெடு புதுசா ஆரம்பிக்கும், அதையும் தெரிஞ்சே போடணும். முழுசா அடைக்கிற அன்னைக்கு நோட்டைத் திரும்ப வாங்கணும். அடமானமா ஏடிஎம் கார்டோ, வெத்துக் காசோலையோ, குடும்ப அட்டையோ கொடுத்திருந்தா அதையும் சேர்த்து வாங்கணும்.

மண்டபத்தான்:

படகு ஓனர் அட்வான்ஸ் 20,000ஐ யாரும் தொடலை, அது நல்லது. அதுக்கு வட்டி கிடையாது, பங்குல கொஞ்சம் கொஞ்சமா கழியும். ‘பணம் வந்துச்சாமே, கொஞ்சம் கொடு’ன்னு கேட்டா சீசன் தொடங்கட்டும்னு சொல்லிடலாம். அப்பா வேற படகு மாறுற எண்ணத்துல இருந்தா மட்டும்தான் அதை முதல்ல தீர்க்கணும். ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு கழிச்சாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி ஓனர்கிட்டயோ டிரைவர்கிட்டயோ காட்டிடுங்க. வருசக் கடைசியில மீதி எவ்வளவுன்னு சண்டை வர்றது அங்கதான்.

இன்னும் ரெண்டு விஷயம். நிவாரணம் வர்ற வாரத்துல போன் வரும். ‘துறையில இருந்து பேசுறோம், கூடுதலா வந்த பணத்தை இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க, இல்லைன்னா கணக்கை முடக்கிடுவோம்’னு. உங்களுக்கு உண்மையிலயே கூடுதலா வந்திருக்கிறதால நம்பிடத் தோணும். மனுவுக்கு முத்திரையோட பதில் வந்தா மட்டும்தான் பணம் நகரணும். ஓடிபி சொல்லி ஏமாந்துட்டா அந்த நிமிஷமே 1930க்கு அடிங்க. ‘லிஸ்ட்ல பேர் சேர்த்தது நான்தான், ஆயிரம் கொடு’ன்னு யாராவது வந்தா கொடுக்காதீங்க, 1100ல புகார் சொல்லலாம்.

கைரேகை வச்சு எடுக்கும்போது ‘பதியலை, மறுபடி வையுங்க’ன்னு சொன்னா ரெண்டாவது தடவை வைக்கிறதுக்கு முன்னாடி முதல் தடவைக்கான சீட்டைக் கேளுங்க. தோல்வின்னாலும் சீட்டு வரும். உப்புத் தண்ணியில வேலை பார்க்குற கைக்கு ரேகை சரியா விழாது, உண்மைதான். அதைச் சாக்கா வச்சே ரெண்டு தடவை எடுத்துடுறாங்க. கைரேகையை ஆதார் செயலியில பூட்டி வச்சு, பணம் எடுக்கப் போற அன்னைக்கு மட்டும் திறக்கலாம்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. சங்கத்துல பட்டியல் பார்த்தாச்சு, அந்த இனிஷியல்ல ஒருத்தர் இருக்கார், அவர் பேருக்கு நேரா அப்பா கணக்கு எண்தான் இருக்கு. மனு ரெண்டும் எழுதிட்டேன். ஒரு சந்தேகம், மனுவோட ஆதார் நகல் வைக்கணுமா?

கீழக்கரை கணக்கர்:

கேட்டால் மட்டும் வையுங்கள். வைப்பதானால் முதல் 8 எண்களை மறைத்த ஆதாரை மைஆதார் தளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே ‘தவறான வரவு மனுவுக்காக மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டு அப்பா கையெழுத்திடட்டும். வங்கி போகும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுப் பிடித்தம் அப்பா கணக்கில் இந்த ஆண்டு போயிருக்கிறதா? மே கடைசியில் கணக்கில் இருப்பு இல்லாததால் பலருக்கு அது நின்றுபோயிருக்கும். படிவம் கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். கடலுக்குப் போகிறவருக்கு 2 லட்சம் காப்பீடு, படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.